தலைவர் அவர்கள் தரையில் அமர்வார்கள்

ஊராட்சித் தலைவராகத் தேர்வானவர்களுக்கு அரசு பயிற்சி வகுப்பு நடத்துகிறது. சட்டம் சொல்லித் தருகிறார்கள், கணக்கு சொல்லித் தருகிறார்கள், மேல்நிலைத் தொட்டியில் குளோரின் எவ்வளவு போடுவது என்பதுவரை சொல்லித் தருகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லித் தருவதில்லை: கூட்டத்தில் எங்கே உட்காருவது?

அந்தக் குறையைப் போக்கவே இந்த மரியாதைக் கையேடு. எல்லாத் தலைவர்களுக்கும் இது தேவைப்படாது. தெருவில் இறங்கினாலே திண்ணையில் இருப்பவர்கள் எழுந்து நிற்கிற வீட்டில் பிறந்த தலைவருக்கு எல்லா மரியாதையும் தாய்ப்பாலோடு வந்துவிடுகிறது. தனித்தொகுதியில் வென்ற தலைவருக்குத்தான், அதிலும் பெண்ணாகப் பிறந்துவிட்ட தலைவருக்குத்தான், வழிகாட்டுதல் தேவை. அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. முப்பது வருடம் ஓடியும் இவர்களுக்கு இன்னும் சபை நாகரிகம் பிடிபடவில்லை என்று பல ஊர்களில் துணைத்தலைவர்கள் மனம் நொந்து கிடக்கிறார்கள். அவர்கள் மனம் குளிர, விதிகள் வருமாறு.

முதல் விதி: நாற்காலி

ஊராட்சி அலுவலகத்தில் நாற்காலிகள் இருக்கும். அவற்றை எண்ணிப் பார்த்து, "தலைவர் என்பதால் நமக்கும் ஒன்று இருக்கும்" என்று முடிவுக்கு வருவது பயிற்சி வகுப்பு செய்த கெடுதல். முதல் நாற்காலி துணைத்தலைவருக்கு. அடுத்தவை வார்டு உறுப்பினர்களுக்கு. அதற்கும் அடுத்தது வார்டு உறுப்பினரின் மச்சானுக்கு. அவர் சும்மா பேப்பர் படித்துவிட்டுப் போக வந்தவராக இருக்கலாம், ஆனாலும் மச்சான் மச்சான்தான். மிச்சம் ஒன்று இருந்தால் அதில் கோப்புகளை வைக்க வேண்டும். அரசுக் கோப்பு தரையில் கிடக்கலாமா? தலைவர் கிடக்கலாம். தரை குளிர்ச்சியானது, முதுகுக்கு நல்லது, சுழற்சி முறை கிடையாது, எந்தத் தேர்தலிலும் பறிபோகாது.

கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் இந்த விதியைச் செம்மையாகக் கடைப்பிடித்தார்கள். ஆதிதிராவிடர் சமூகத்தைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்தபடி மன்றக் கூட்டம் நடந்தது. 2020 அக்டோபரில் அந்தப் படம் வெளியே வந்து நாடு முழுக்கச் சுற்றியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிந்தார்கள். ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். எல்லாரும் அதிர்ச்சி அடைந்தார்கள். கூட்டம் நடந்ததோ அதற்குச் சில மாதங்கள் முன்பு. இடைப்பட்ட காலத்தில் அந்த அறையில் நாற்காலியில் இருந்த ஒருவருக்கும் அது கோணலாகத் தெரியவில்லை. இந்த விதிக்கு இதைவிடப் பெரிய நற்சான்று வேண்டுமா?

ஏதோ ஒரு ஊரில் நடந்த ஒரு நிகழ்ச்சி என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 2022-இல் 24 மாவட்டங்களில் கணக்கெடுத்து வெளியிட்டது. பட்டியல் சாதித் தலைவருக்கு உட்கார நாற்காலி தராத ஊராட்சிகள் இருபதுக்கும் மேல். சந்திரயான் நிலவைச் சுற்றிவந்த காலத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி ஒரு ஊராட்சி அலுவலகத்தின் மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போக முடியவில்லை.

இரண்டாம் விதி: கொடி

வருடத்தில் இரண்டு நாள் கொடியேற்றம் வரும். அந்த இரண்டு நாளும் தலைவருக்கு உடம்பு சரியில்லாமல் போவது நல்ல மரபு. அப்படிப் போகாவிட்டால் முதல் நாள் இரவே யாராவது வந்து, "நாளைக்கு நீ வர வேணாம்மா, நாங்க பாத்துக்கிறோம்" என்று அன்போடு சொல்லிவிட்டுப் போவார்கள். ஊரின் அன்பை மறுப்பது மரியாதைக் குறைவு.

திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தின் தலைவருக்கு இந்த மரபு தெரியவில்லை. 2020 சுதந்திர தினத்தன்று அவரைக் கொடியேற்ற விடவில்லை என்று அவர் வெளியே சொல்லிவிட்டார். செய்தி பரவியது. ஆகஸ்ட் 20-ஆம் தேதி மாவட்ட ஆட்சியரும் காவல்துறை அதிகாரிகளும் ஊருக்கு வந்து, அவரைக் கொடியேற்ற வைத்தார்கள். நாட்டுக்கு ஆகஸ்ட் 15; ஆத்துப்பாக்கத்துக்கு ஐந்து நாள் தாமதம். போலீஸ் பந்தோபஸ்தோடு வந்த சுதந்திரம் அது.

2022 ஆகஸ்ட். சுதந்திரத்துக்கு 75 ஆண்டு நிறைவு. வீட்டுக்கு வீடு கொடி கட்டச் சொல்லி ஒன்றிய அரசு விளம்பரம் செய்துகொண்டிருந்தது. அதே மாதத்தில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்: பட்டியல் சாதித் தலைவர்கள் பாகுபாடில்லாமல் கொடியேற்றுவதை உறுதிசெய்யுங்கள் என்று. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் தன் ஊரில் ஒரு கயிற்றை இழுப்பதற்கு மாநிலத்தின் மிக உயர்ந்த அதிகாரி கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. கொடியில் மூன்று நிறமும் ஒரு சக்கரமும் இருப்பது எல்லாருக்கும் தெரியும். கயிற்றில் சாதி இருப்பது அந்தக் கடிதத்தைப் படித்தவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாம் விதி: கையெழுத்து

தலைவருக்கு அதிகாரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஊராட்சிக் காசோலையில் கையெழுத்துப் போடுகிற அதிகாரம் அவருக்கு உண்டு. கூடவே துணைத்தலைவரும் போட வேண்டும், அவ்வளவுதான். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத்தலைவர் பதவிக்குக் கிடையாது. வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். ஊரில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அந்தக் கை துணைத்தலைவர் ஆகும். பிறகென்ன, தெருவிளக்கு எரிய வேண்டுமா, காலனியில் குழாய் போட வேண்டுமா, தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் தர வேண்டுமா, தலைவர் காசோலையை எடுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். திண்ணைக்குக் கீழே நின்று கூப்பிட வேண்டும். "வெச்சிட்டுப் போ, பாக்குறேன்" என்று உள்ளேயிருந்து பதில் வரும். வெளியே வர அவருக்கு ஒரு வாரம் ஆகலாம், ஒரு வருடம் ஆகலாம்.

சட்டம் எழுதியவர்கள் இதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று நினைத்திருப்பார்கள். பணம் தவறான கைக்குப் போகக்கூடாது என்பது நோக்கம். எது தவறான கை என்று தீர்மானிக்கும் உரிமை ஊரிடம் போய்ச் சேர்ந்தது. பண்ணையில் கூலிக்குக் காத்து நின்ற கால்கள் இப்போது கையெழுத்துக்குக் காத்து நிற்கின்றன, வாசல் அதேதான்.

தலைவரின் பணிக்கு மதிப்பூதியம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 2023 வரை மாதம் 1,000 ரூபாய். அந்த வருடம் அரசு மனமிரங்கி 2,000 ஆக்கியது. அந்த வாசலுக்கு நடந்த நடையில் தேய்ந்த செருப்புக்கு அது காணும்.

நான்காம் விதி: வீட்டுக்காரர்

பெண் தலைவர் எல்லாச் சாதியிலும் பெண்தான் என்பதால் இந்த விதி எல்லாச் சாதிக்கும் பொது. சமத்துவம் வேண்டும் என்று கேட்பவர்கள் இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் ஆனது. அன்றிலிருந்து "தலைவரே!" என்று கூப்பிட்டால் வெள்ளை வேட்டி திரும்பிப் பார்க்கிறது. தேர்தலில் வென்றவர் "தலைவரம்மா". அவர் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வந்தவர்களுக்குக் காபி கலக்கலாம். பி.டி.ஓ. அழைக்கும் எண் கணவருடையது. காரின் முன்னால் "ஊராட்சி மன்றத் தலைவர்" என்ற பலகை, காருக்குள் அவர்.

இந்த விதியில் நாம் பின்தங்கியிருக்கிறோம் என்பதையும் வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். சத்தீஸ்கர் மாநிலத்துப் பர்ஸ்வாரா ஊராட்சியில் 2025 மார்ச்சில் ஆறு பெண் உறுப்பினர்களுக்குப் பதில் அவர்களுடைய கணவர்களே உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். இடையில் பெண்டாட்டி என்கிற சம்பிரதாயமே இல்லை. நம் ஊரில் இன்னும் அந்த அம்மாவை ஒரு நாள் பட்டுப்புடவை கட்டி மேடைக்கு அழைத்துவந்து, உறுதிமொழி வாசிக்க வைத்து, படம் எடுத்து, பிறகுதான் வீட்டுக்கு அனுப்புகிறோம். நாம் முற்போக்கு மாநிலம் அல்லவா?

ஐந்தாம் விதி: மேடை

பெரியவர்கள் வரும் மேடையில் தலைவர் ஓரமாக நிற்க வேண்டும், அல்லது ஓரமாகத் தொங்க வேண்டும். இது கிராமத்துக்கு மட்டுமான விதி என்று நினைக்காதீர்கள். 1688-இல் தொடங்கிய சென்னை மாநகராட்சியின் மேயருக்கு அங்கி உண்டு, சங்கிலி உண்டு, செங்கோல் உண்டு. வெள்ளைக்காரன் விட்டுப்போன ராஜதோரணை. 2022-இல் ஆர். பிரியா அந்த மாநகராட்சியின் முதல் பட்டியல் சாதிப் பெண் மேயராக அந்த அங்கியை அணிந்தபோது பலருக்கும் கண் கலங்கியது. கலங்கியதில் நியாயம் இருந்தது. அதே வருடம் டிசம்பரில் மாண்டஸ் புயல் பாதிப்பைப் பார்க்கப் போன முதலமைச்சரின் வாகன அணியில் ஒரு வண்டியின் படிக்கட்டில் மேயர் தொங்கிக்கொண்டு போனார். அவசரத்துக்குத் தானேதான் ஏறிக்கொண்டதாக அவர் சொன்னார். அப்படியே இருக்கட்டும். அவர் ஏறிக்கொண்டதில் எந்தத் தப்பும் இல்லை. உள்ளே இருக்கை வைத்திருந்த ஒருவருக்கும் நகர்ந்து உட்காரத் தோன்றவில்லை என்பதுதான் மேடை நாகரிகம்.

அதே 2022-இல் அன்றைய அமைச்சர் பொன்முடி, விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு விழா மேடையில், முகையூர் ஒன்றியக்குழுத் தலைவராக இருந்த பெண்ணிடம் அவர் எந்தச் சமூகம் என்று ஊரறியக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார். தங்கள் ஆட்சியில்தான் இப்படிப்பட்டவர்கள் தலைவராக முடிகிறது என்று பெருமைப்படவே அமைச்சர் கேட்டாராம். சமூக நீதியை ஒலிபெருக்கியில் கேட்டு ரசீது வாங்கிக்கொள்கிற பழக்கம் இது. ரசீது கொடுக்க வேண்டிய அந்தப் பெண், மேடையில் எல்லார் முன்னாலும் தலையாட்டிவிட்டு நிற்க வேண்டும். நின்றார்.

ஆறாம் விதி: சாமி

கோயில் கொடை வந்தால் பரிவட்டம் யாருக்கு, முதல் திருநீறு யாருக்கு, தேர்வடத்தை முதலில் தொடுவது யார் என்பதெல்லாம் ஊர் முன்பே தீர்மானித்தவை. அரசியல் சட்டம் கோயில் வாசலில் செருப்பைப் போலக் கழற்றி வைக்கப்படும். தலைவர் வசூலுக்குக் கையெழுத்துப் போடலாம், குடிதண்ணீர் லாரிக்கு ஏற்பாடு செய்யலாம், திருவிழா முடிந்தபின் குப்பை அள்ள ஆள் அனுப்பலாம்.

ஆனால் சாமி தலைவர் பதவியை வெறுக்கிறது என்று பொருள் இல்லை. கடலூர் மாவட்டம் நடுக்குப்பத்தில் 2019 உள்ளாட்சித் தேர்தலின்போது தலைவர் பதவி 50 லட்சத்துக்கும் துணைத்தலைவர் பதவி 15 லட்சத்துக்கும் ஏலம் போனதாகச் செய்தி வந்தது. கோயில் காரியத்துக்காம். ஓட்டுச்சாவடியை மூடிவிட்டு உண்டியலைத் திறந்த ஜனநாயகம். பணம் இருந்தால் சாமியே நாற்காலி எடுத்துப் போடும்.

ஏழாம் விதி: விதிகளை மீறினால்

இந்த விதியைக் கிண்டலாக எழுத எனக்குக் கை வரவில்லை.

மதுரை மாவட்டம் மேலூர் அருகே மேலவளவு. 1996-இல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டது. மனுப் போடக்கூடாது என்று மிரட்டல். போட்டவர்கள் திரும்பப் பெற்றார்கள். பிறகு தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30-ஆம் தேதி மதுரைக்குப் போய்விட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த பேருந்தை வழிமறித்து முருகேசனையும் துணைத்தலைவர் உட்பட மேலும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். முருகேசனின் தலையைத் தனியே வெட்டி எடுத்துப்போனார்கள். ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார ஆசைப்பட்டதுதான் அந்தத் தலை செய்த குற்றம். 17 பேருக்கு ஆயுள் தண்டனை. உச்ச நீதிமன்றம் வரை உறுதியானது. 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டிய முன்விடுதலையில் 13 பேர் வெளியே வந்தார்கள். ஒரு தலைவரின் பிறந்தநாளைக் கொண்டாட இன்னொரு தலைவரைக் கொன்றவர்களைத் திறந்துவிட்டது அரசு. எந்தத் தலைவருக்கு என்ன மரியாதை என்பதற்கு இதைவிடத் தெளிவான அரசாணை கிடையாது.

அதே மதுரை மாவட்டத்தில், அதேபோல ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். 1996-லிருந்து 2006 வரை பத்து வருடம் அங்கே தலைவரே இருக்க முடியவில்லை. மனுப் போட ஆள் வராது. வந்தால் ஊர் நிறுத்திய ஆள் வருவார். ஜெயித்த கையோடு ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார். பதவிக்காலம் சில மணி நேரம். 2006 அக்டோபரில் தேர்தல் ஒழுங்காக நடந்தபோது சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்தார்கள். சட்டப்படி பத்து வருடம் முன்பே நடந்திருக்க வேண்டிய ஒன்று நடந்ததற்குப் பெருவிழா! சாலைக்குப் பெருவிழா எடுக்கலாம், பாலத்துக்கு எடுக்கலாம். மனு வாங்கியதற்குப் பெருவிழா எடுத்த ஒரே மாநிலம் நாமாகத்தான் இருப்போம்.

நெல்லை மாவட்டம் தாழையூத்து. அங்கே ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி பெண்களுக்குக் கழிப்பறை கட்ட முனைந்தார். 2011 ஜூனில் இரவில் ஆட்டோவில் வீடு திரும்பியவரைச் சரமாரியாக வெட்டினார்கள். உயிர் பிழைத்தார். கழிப்பறை கேட்டால் அரிவாள் வரும் என்று எந்தப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்?

இப்போது கையேட்டை மூடிவிட்டுப் பேசுவோம்.

மரியாதை என்றால் வெறும் சடங்கு, அதைப் பிடித்துக்கொண்டு ஏன் இவ்வளவு கூச்சல், தலைவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போகலாமே என்று நல்லவர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்களிடம் ஒரு கேள்வி. வெறும் சடங்குதானே, ஏன் விட்டுத்தர மாட்டேன் என்கிறீர்கள்? மேலவளவில் தெருவிளக்குக்காகக் கொலை நடக்கவில்லை. யார் நாற்காலியில், யார் தரையில், யார் கையில் கயிறு, யார் வாசலில் யார் நிற்பது என்பதற்குத்தான் பேருந்தை மறித்தார்கள். ஊரை ஆள்வது இந்தச் சடங்குதான் என்று மேலே இருப்பவனுக்கு நன்றாகத் தெரியும். அது தெரியாதது போல நடிப்பது அரசு மட்டும். பதவியை ஒதுக்கியதோடு கடமை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை ஊரின் தயவில் விட்டுவிட்டார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பிரிவு 3(1)(எம்) என்று ஒன்று இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி உள்ளாட்சித் தலைவரையோ உறுப்பினரையோ கடமையைச் செய்யவிடாமல் தடுப்பதும் மிரட்டுவதும் குற்றம். ஆறு மாதத்திலிருந்து ஐந்து ஆண்டு வரை சிறை. தலைவர் தவறு செய்தால் நீக்க ஊராட்சிகள் சட்டத்தில் 205-ஆம் பிரிவு ஆட்சியருக்கு அதிகாரம் தருகிறது. துணைத்தலைவரை நீக்கவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. முதல் அதிகாரம் எப்போதும் கூர்மையாக இருக்கிறது. இரண்டாவது உறையை விட்டு வெளியே வருவதே அபூர்வம்.

தேர்தல்களின் கதியோ இன்னும் அழகு. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. மூன்று வருடத்துக்கு மேல் தலைவர்களே இல்லாமல் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். 2019 டிசம்பரில் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள். ஊர்க்காரன் தலைவரைத் தரையில் உட்காரவைத்தான். ஆட்சிகள் மாறி மாறித் தலைவரே வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பின. இரண்டு பேருக்கும் உள்ளூர ஒரே எண்ணம்தான்: தேர்ந்தெடுக்கப்பட்டவன் இல்லாவிட்டால் நிர்வாகம் ஒழுங்காக நடக்கும்.

2021 காந்தி ஜெயந்தி அன்று பாப்பாபட்டிக்குப் போய் கிராமசபையில் உட்கார்ந்தார் முதலமைச்சர் ஸ்டாலின். நல்ல காரியம். போகிற ஊரிலெல்லாம் நாற்காலி தானாக வந்துவிடுகிற பதவி அது. நாற்காலி வராத ஊர்களின் பட்டியல் அதற்கு அடுத்த வருடமே கணக்கெடுப்பாக வெளிவந்தது. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எத்தனை பேர்மீது 3(1)(எம்) பாய்ந்தது என்று சட்டமன்றத்தில் ஒரு உறுப்பினராவது எழுந்து கேட்டால், அவருக்கு நானே பொன்னாடை போர்த்தத் தயார்.

இனி ஒரு தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கும் படம் வந்தால், அதிகாரிகள் கார் போட்டுக்கொண்டு ஓடிவந்து அவரைக் கைபிடித்து எழுப்பி, மேலே உட்காரவைத்துப் பத்திரிகைக்குப் படம் கொடுக்க வேண்டாம். அந்த நாடகம் போதும். அந்த அறையில் மேலே உட்கார்ந்திருந்த அத்தனை பேரின் பெயரையும் முதல் தகவல் அறிக்கையில் எழுதுங்கள். பேப்பர் படிக்க வந்த மச்சானையும் விட வேண்டாம். ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டு வரட்டும். சபை நாகரிகம் தானாக வரும்.